சங்குக்குப் போட்டால் வோட் வீணோ? 1, 2, 3 போடுறது எப்பிடி எண்டு ஆராவது விளங்கப்படுத்துங்கோ

மழைக்குருவி | 10 செப்டெம்பர் 2024, இரவு 9.40

வணக்கம் எல்லாருக்கும். 21ம் திகதி இலங்கை ஜனாதிபதித் தேர்தலுக்கு வோட் போடவேணும், எங்கட வீட்டில ரெண்டு கிழமையா இதே சண்டைதான், மண்டை காயுது, அதான் இஞ்ச வந்து கேக்கிறன்.

எனக்கு தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்குப் (சங்குச் சின்னம்) போடத்தான் விருப்பம். அவர் வெல்லப்போறேல்ல எண்டு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், அவரை நிப்பாட்டினவைக்கும் தெரியும். ஆனா எனக்கு அலுத்துப்போச்சு. 2010ல எனக்கு வோட் வரேல்ல, அந்தமுறை எங்கட சனம் மகிந்தவைத் தோக்கடிக்கவேணும் எண்டு சரத் பொன்சேகாவுக்கே போட்டது, யுத்தம் முடிஞ்சு ஒரு வருசம் கூட ஆகேல்ல, யோசிச்சுப் பாருங்கோ. 2015ல நான் முதல் தரம் போட்டது மைத்திரிக்கு. 2019ல சஜித்துக்கு. மூண்டுமுறையும் ஒரே கதைதான், "இவன் வந்தா ஆபத்து, அதால அவனுக்குப் போடு". எனக்கு விருப்பமான ஒராளுக்கு நான் இதுவரை போட்டதேயில்லை.

வீட்டு நிலவரம் இதுதான். அப்பா சங்கு. மாமா (அம்மான்ர தம்பி) சஜித்தின்ர ஃபோன் சின்னம், தமிழரசுக் கட்சியே 1ம் திகதி வவுனியாவில கூடி சஜித் எண்டு முடிவெடுத்திட்டுது பிறகென்ன எண்டு நிக்கிறார். தம்பி திசைகாட்டி (அனுரவின்ர சின்னம்), அவன்ர ஃபோன் முழுக்க அனுரதான். அம்மா "எல்லாரும் ஒண்டுதான், ஆறமுதல் வந்து சாப்பிடுங்கோ" கட்சி.

இப்ப என்ர கேள்வி. சங்குக்கு 1 போட்டு சஜித்துக்கு 2 போட்டா என்ன நடக்கும்? மாமா சொல்லுறார் 2 போட்டா அது அரை வோட் மாதிரி, பெறுமதி குறைவு எண்டு. அப்பா சொல்லுறார் 2 போட்டா எங்கட ஆளின்ர வோட் வெட்டுப்பட்டுப் போகும், அதால 1 மட்டும் போடு எண்டு. ரெண்டுபேரும் அடிச்சுச் சொல்லுறபடியா ரெண்டும் பிழையா இருக்குமெண்டு எனக்கொரு சந்தேகம் 😄 வெல்லாத ஆளுக்குப் போடுறது உண்மையிலயே வீணோ? புள்ளடி (X) போடுறதோ 1 போடுறதோ எண்டதும் சொல்லுங்கோ.

---

பழைய கணக்கு வாத்தி | 10 செப்டெம்பர், இரவு 10.55

பிள்ளை, உங்கட சந்தேகம் சரி, மாமாவும் பிழை அப்பாவும் பிழை. நான் சேவையில இருக்கேக்க ஐஞ்சாறு தேர்தலில வாக்கெண்ணுற கடமைக்குப் போனனான், அதால கொஞ்சம் விபரமாச் சொல்லுறன், பொறுமையா வாசியுங்கோ.

முதல்ல எல்லாற்ற 1ஐயும் (இல்லாட்டிப் புள்ளடியையும்) எண்ணுவினம். அளிக்கப்பட்ட செல்லுபடியான வாக்கில பாதிக்கு மேல ஒராள் எடுத்தா அதோட கதை முடிஞ்சுது, ஒருத்தற்ற 2ஐயும் ஒருத்தரும் திரும்பியும் பாக்கமாட்டினம். ஒருத்தரும் பாதியைத் தாண்டாட்டித்தான் ரெண்டாவது எண்ணிக்கை. அப்ப முதல் ரெண்டு இடத்தில இருக்கிற ரெண்டுபேரை மட்டும் வைச்சுக்கொண்டு மிச்ச எல்லாரையும் போட்டியில இருந்து எடுத்துப்போடுவினம். எடுபட்ட ஆக்களுக்கு 1 விழுந்த சீட்டுகளை மட்டும் திரும்பப் பாப்பினம். அந்தச் சீட்டில 2 மிஞ்சி நிக்கிற ரெண்டுபேரில ஒராளுக்கு இருந்தா அது அவற்ற கணக்கில முழு வோட்டாச் சேரும். அரை வோட்டும் இல்லை கால் வோட்டும் இல்லை, முழுசு. 2 போட்ட ஆளும் எடுபட்ட ஆளெண்டா 3ஐப் பாப்பினம். 3ம் அப்பிடியெண்டா, இல்லாட்டி ஒண்டுமே எழுதேல்லையெண்டா, அந்தச் சீட்டு அதோட நிண்டிடும்.

இதில அப்பாவுக்குச் சொல்லவேண்டியது என்னெண்டா, உங்கட 2ஐப் பாக்கிறதே உங்கட 1 தோத்தாப் பிறகுதான். பாக்கமுதல் சங்கின்ர எண்ணிக்கையைப் பதிஞ்சு அறிவிச்சு எல்லாம் முடிஞ்சிடும். 2 போட்டதால சங்கில ஒரு வோட்டும் குறையாது.

இன்னுமொரு விசயம், இதைக் கனபேர் யோசிக்கிறேல்ல. இந்தமுறை போட்டி ரெண்டுபேருக்கில்லை, அனுர, சஜித், ரணில் எண்டு மூண்டுபேருக்கு. ஆர் மூண்டாவதா வருவினம் எண்டு ஒருத்தரும் சத்தியம் பண்ணேலாது. நீங்கள் சங்குக்கு 1, ரணிலுக்கு 2 எண்டு போட்டிட்டு 3ஐ விட்டா, ரணில் மூண்டாவதா வந்தா உங்கட சீட்டு அந்த இடத்தில நிண்டிடும். அதால சங்குக்கு 1 போடுறவை 2ஐயும் 3ஐயும் இந்த மூண்டுபேரில ரெண்டுபேருக்குப் போடவேணும். விட்ட ஆள்தான் நீங்கள் வேண்டாமெண்டு சொல்லுற ஆள். ஆரை விடுறது எண்டது உங்கட விருப்பம், அதுக்குள்ள நான் வரேல்ல.

1ஓ புள்ளடியோ எண்டு கேட்டீங்கள். ஒராளுக்கு மட்டும் போடுறதெண்டா ரெண்டும் சரி. 2, 3 போடுறதெண்டா 1, 2, 3 எண்டு இலக்கமாவே எழுதுங்கோ, புள்ளடியையும் இலக்கத்தையும் கலந்து குழப்பிக்கொண்டு நிக்காதேங்கோ. 1 இல்லாமல் 2 மட்டும் எழுதினாச் செல்லாது. ரெண்டுபேருக்குப் புள்ளடி போட்டாச் செல்லாது. பேர் எழுதுறது, கையெழுத்து வைக்கிறது, வேட்பாளருக்குக் கவிதை எழுதுறது ஒண்டும் செய்யக்கூடாது (சிரிக்காதேங்கோ, கவிதை எழுதின சீட்டு நான் கண்டிருக்கிறன், ஓசை வடிவாத்தான் இருந்தது, நிராகரிச்சம்).

---

வெள்ளவத்தை சோடா | 11 செப்டெம்பர், காலை 7.15

வாத்தியார் சொல்லுறதெல்லாம் சட்டத்தில சரி. ஆனா நடைமுறையில பாருங்கோ, 1982ல இருந்து 2019 வரைக்கும் எட்டு ஜனாதிபதித் தேர்தல் நடந்திருக்கு, எட்டிலயும் முதல் எண்ணிக்கையிலயே ஒராள் 50ஐத் தாண்டினவர். 1988ல பிரேமதாச 50.43, 2005ல மகிந்த 50.29, மயிரிழை எண்டாலும் தாண்டினவை. அப்ப ரெண்டாவது விருப்பு எண்டது இதுவரைக்கும் கடதாசியில இருக்கிற ஒரு அழகு மட்டும்தான். 27 அங்குலச் சீட்டை விரிச்சு வைச்சுக்கொண்டு 1 2 3 எண்டு தேடி எழுதி ஏதும் பிழைவிட்டு உள்ள வோட்டையும் செல்லாமல் ஆக்கிறதிலும் பாக்க பேசாமல் ஒரு புள்ளடியைப் போட்டிட்டு வாறது புத்தி எண்டது என்ர எண்ணம்.

---

மழைக்குருவி | 11 செப்டெம்பர், காலை 8.02

சேர், கோடி நன்றி. வேலைக்குப் போகமுதல் அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினன், "உவர் ஆர் வாத்தி" எண்டு கேட்டார், அவ்வளவுதான் எதிர்ப்பு.

@வெள்ளவத்தை சோடா, 2005 எண்டு சொன்னதால ஒண்டு. எங்கட பெரியம்மா ஆக்கள் அப்ப கிளிநொச்சியில. அந்தமுறை போடாதேங்கோ எண்டு புலிகள் சொல்லியாச்சு, ஒருத்தரும் போகேல்ல, போயிருக்கவும் ஏலாது. யாழ் மாவட்டத்தில வாக்களிச்சது நூற்றுக்கு 1.2தானாம். ரணில் தோத்தது ஒரு லட்சத்து எண்பதாயிரம் சொச்சத்தால. அதுக்குப் பிறகு நடந்ததை நான் எழுதத் தேவையில்லை. மாமா ஃபோன் ஃபோன் எண்டு நிக்கிறதுக்கு அடியில கிடக்கிறது அந்தப் பயம்தான், அதை நான் குறை சொல்லேல்ல.

---

பழைய கணக்கு வாத்தி | 11 செப்டெம்பர், காலை 8.40

2005ல மகிந்த பாதியைத் தாண்டினது 28,000 சொச்ச வாக்கால மட்டும். இன்னும் கொஞ்சம் குறைஞ்சிருந்தாலும் சோடா தம்பி சொல்லுற அந்தக் கடதாசி அழகை அப்பவே எண்ணியிருப்பம். இந்தமுறை மூண்டுபேர் பிச்செடுக்கினம், அதால நான் அவ்வளவு உறுதியாச் சொல்லமாட்டன் தம்பி.

---

ஸ்காபரோ பனை | 11 செப்டெம்பர், இரவு 11.30

எல்லாரும் கணக்கு மட்டும் பாக்கிறியள், விசயத்தை விட்டிட்டியள். பொது வேட்பாளர் எண்டு ஒராளை ஏன் நிப்பாட்டினது? தெற்கில இருக்கிற ஒருத்தனையும் நாங்கள் நம்பேல்ல, எங்கட பிரச்சினை வேற எண்டு காட்டத்தானே. அதே சீட்டில சஜித்துக்கு 2 எண்டு எழுதினா அதின்ர கருத்து என்ன? "உன்னை நம்பேல்ல, ஆனா கொஞ்சம் நம்புறன்" எண்டோ? சங்குக்குப் போடுறவை சங்குக்கு மட்டும் போடவேணும். 1982ல குமார் பொன்னம்பலம் கேட்டவர், நாடு முழுக்க 173,934 வாக்கு, யாழ்ப்பாண மாவட்டத்தில முதலாவதா வந்தவர். அவர் ஜனாதிபதியா வருவார் எண்டு நினைச்சோ சனம் போட்டது? 42 வருசம் கழிச்சும் அந்த இலக்கத்தை நான் எழுதுறன் பாருங்கோ, அதுதான் அந்த வோட்டின்ர வேலை.

---

மட்டுநகர் மீன் | 12 செப்டெம்பர், காலை 6.20

அண்ணை ஸ்காபரோவில குளிர் தொடங்கிட்டுதோ? நாங்கள் இஞ்ச வெய்யிலுக்கை லைனில நிண்டு போடப்போறம், அடுத்த ஐஞ்சு வருசம் இஞ்சதான் இருக்கப்போறம். நீங்கள் வரலாற்றுக்கு இலக்கம் சேருங்கோ, காணிக்கும் வேலைக்கும் நாங்கள் ஆரோடயோ கதைக்கத்தானே வேணும்.

உங்கட முதல் பாதி சரி, அதை நான் மறுக்கேல்ல. சங்குக்கு எத்தினை விழுந்தது எண்ட இலக்கம் முக்கியம். ஆனா அந்த இலக்கம் முதல் எண்ணிக்கையிலயே வந்திடுதெண்டு வாத்தியார் வடிவா எழுதியிருக்கிறார். அதுக்குப் பிறகு 2ஐப் பாக்கிறது வேற வேலை. ஒரே சீட்டில ரெண்டு கதை சொல்லலாம் எண்டா ஏன் ஒண்டை வாய்க்குள்ள வைச்சிருப்பான்?

---

ஸ்காபரோ பனை | 12 செப்டெம்பர், இரவு 8.05

தம்பி எனக்கும் அங்கை காணி இருக்கு, அதுவும் இன்னும் ஆமியிட்டைத்தான். எனக்கு வோட் இல்லை எண்டதுக்காக வாயும் இல்லையோ. சரி, விடுறன். ஆனா ஒண்டு, 2 போடச்சொல்லிச் சொல்லிக்கொண்டு போனா நாளைக்கு சஜித்தின்ர ஆக்கள் "சங்குக்காரரும் எங்கட ஆக்கள்தான்" எண்டு மேடையில சொல்லுவினம். பாருங்கோ.

---

ஹட்டன் மூடுபனி | 13 செப்டெம்பர், மாலை 5.50

மலையகத்துலருந்து ஒரு குரல் குடுக்கலாமா? உங்களுக்காச்சும் சங்குன்னு ஒரு பேச்சு இருக்கு, பேப்பர்ல வருது, கூட்டம் போடுறாங்க. எங்க பக்கத்துலருந்து மயில்வாகனம் திலகராஜா நிக்கிறாருன்னு எங்க லயத்துலயே (தோட்டத்து லைன் வீடுங்க) பாதி பேருக்கு தெரியாது. இங்க வோட்டுன்னா என்னன்னா தலைவரு எங்க கைகாட்டுறாரோ அங்க போடுறது, ஒரு சங்கம் ரணிலோட சிலிண்டர்ங்குது இன்னொரு கூட்டணி ஃபோனுங்குது, தோட்டத்து ஆளுங்களுக்கு அந்த 1700 ரூபா நாள் சம்பளத்த யாரு வாங்கித்தந்தாங்கன்னு சண்ட போட்டுக்கிறாங்க, அம்மா கையில இன்னும் அந்த 1700 முழுசா வரல அது வேற கத.

நான் திலகராஜாவுக்கு 1 போடுறேன்னு முடிவு பண்ணிட்டேன். சில ஆயிரம் விழுந்தாலே பெருசு, எனக்கு தெரியும். எங்க ஆளுங்க பிரச்சினைய, காணி, வீடு, முகவரி இல்லாத லயன் காம்பரா, இதெல்லாம் ஒரு ஜனாதிபதி வேட்பாளரோட அறிக்கையில தலைப்பா பாத்தது எனக்கு சந்தோசமா இருந்துச்சு, அதுக்கு ஒரு 1 குடுக்கக்கூடாதா. வாத்தியார் சொன்னத படிச்சப்புறம் 2 சஜித், 3 அனுரன்னு போடலாம்னு இருக்கேன். இதுக்கு முன்னாடி 2 போடலாம்னே எனக்கு யாரும் சொன்னதில்ல, தோட்டத்துக்கு வந்த எந்தக் கட்சிக்காரனும் சொல்லல. அவங்களுக்கு அவங்க சின்னத்துக்கு நேரா ஒரு புள்ளடி விழுந்தா போதும், அதுக்கு மேல நமக்கு என்ன தெரியணும்னு விட்டுடுறாங்க போல.

---

நெல்லைக்காரன் | 13 செப்டெம்பர், இரவு 10.10

நான் தமிழ்நாடு, சும்மா வாசிச்சிட்டு போலாம்னு வந்தேன், பொறாமையா இருக்குங்க. எங்க ஊர்ல ஒரே பட்டன்தான், அமுக்குனா பீப், முடிஞ்சது. ரெண்டாவதா யாரு வேணும்னு மிஷின் கேக்காது. 2016ல எங்க மாவட்டத்து ராதாபுரம் தொகுதில ஜெயிச்சவருக்கும் தோத்தவருக்கும் வித்தியாசம் வெறும் 49 ஓட்டு. அந்தத் தொகுதில சின்னக் கட்சிக்கு போட்ட ஒவ்வொருத்தனையும் அஞ்சு வருசம் டீக்கடையில வச்சு "ஒன்னாலதாம்ல"ன்னு சொல்லியே கொன்னுருப்பாங்க. 2021ல கோயம்புத்தூர் தெற்குல மும்முனைப் போட்டி, கமல் தோத்தது 1728 ஓட்டுல, மூணாவதா வந்த காங்கிரஸ்காரர் 42 ஆயிரத்துக்கு மேல வாங்கியிருந்தாரு. அந்த 42 ஆயிரம் பேர்ட்ட ரெண்டாவது யாருன்னு கேட்டிருந்தா என்ன சொல்லிருப்பாங்கன்னு எவனுக்கும் தெரியாது. அந்தக் கேள்விய கேக்குற சீட்டு உங்க கையில இருக்கு, அத வச்சுக்கிட்டு 1 மட்டும் போடுவேன்னு அடம்பிடிக்கிறது எனக்கு புரியல.

எங்கள்ட்டயும் அந்த முறை இருக்கு, ஆனா குடியரசுத் தலைவர் தேர்தல்ல, எம்பி எம்எல்ஏவுக்கு மட்டும். 1969ல வி.வி.கிரி முதல் எண்ணிக்கையில பாதிய தாண்டல, மத்தவங்க சீட்டுல இருந்த அடுத்தடுத்த விருப்பத்த எண்ணித்தான் ஜெயிச்சாரு. எம்எல்ஏவுக்கு மட்டும் 1 2 3 எழுதத் தெரியும், ஜனங்களுக்கு தெரியாதுன்னு நெனச்சுட்டாங்க போல.

---

சிட்னி முருங்கைக்காய் | 14 செப்டெம்பர், காலை 9.00

இஞ்ச அவுஸ்திரேலியாவில கீழ்ச்சபைத் தேர்தலுக்கு எல்லாப் பெட்டிக்கும் இலக்கம் போடவேணும். வந்த புதுசில எனக்கு விசர் பிடிச்ச மாதிரி இருந்தது, இப்ப பழகிட்டுது. ஆனா இஞ்ச கடைசி ஆளில இருந்து ஒவ்வொராளா வெட்டிக்கொண்டு வருவினம், இலங்கை மாதிரி ஒரே அடியில முதல் ரெண்டுபேரை விட்டு எல்லாரையும் வெட்டுறேல்ல. அந்த வித்தியாசம் சின்னன் இல்லை. இஞ்ச மூண்டாவதா நிக்கிற ஆள் மற்றவையின்ர 2ஐ எடுத்து மேல ஏறி வெல்லலாம். இலங்கையில அது நடக்காது, முதல் எண்ணிக்கையில முதல் ரெண்டு இடத்துக்கை வராட்டி அவ்வளவுதான். ஆகவே மழைக்குருவி, உங்களுக்கு ஆரோ ஒராள் ரெண்டாம் இடத்துக்கு வரவே கூடாது, அல்லது வந்தேயாகவேணும் எண்டு இருந்தா அப்ப மட்டும் 1ஐப் பற்றி யோசியுங்கோ, அதில 2 உதவாது. அப்பிடி ஒண்டும் இல்லையெண்டா விருப்பமான ஆளுக்கு 1 போடுறதில ஒரு நட்டமும் இல்லை.

---

மழைக்குருவி | 14 செப்டெம்பர், இரவு 9.25

சிட்னி சொன்னதைத்தான் மாமா இவ்வளவு நாளும் சொல்ல வெளிக்கிட்டு சொல்லத் தெரியாமல் கத்தினவர் எண்டு இப்ப விளங்குது. அவற்ற பயம் சஜித் மூண்டாவதா வந்திடுவாரோ எண்டு. அது நியாயமான பயம்தான்.

ஆனா தம்பி இண்டைக்கு ஒரு கதை சொன்னான், எனக்குப் பதில் வரேல்ல. "அக்கா, 2019ல அனுரவுக்கு எத்தினை விழுந்தது தெரியுமே? 418,553. நூற்றுக்கு 3.16. அப்ப போட்ட எல்லாரையும் நீங்கள் வீணாப்போனவை எண்டுதானே சொன்னீங்கள். இப்ப பாருங்கோ." உண்மைதானே. எனக்கு அனுரவில அவ்வளவு நம்பிக்கை வரேல்ல, அவற்ற கட்சி ஜேவிபி வடக்கு கிழக்கைப் பிரிக்க வழக்குப் போட்டதை நான் மறக்கேல்ல, ஆனா அந்த 418,553 பேர் அண்டைக்கு "வெல்லமாட்டான்" எண்டு வேற ஆளுக்குப் போட்டிருந்தா இண்டைக்கு அந்த ஆள் போட்டியிலயே நிண்டிருக்கமாட்டார்.

சரி, நான் சங்கு 1. 2 சஜித். 3 யோசிக்கிறன்.

---

வெள்ளவத்தை சோடா | 14 செப்டெம்பர், இரவு 9.50

3 சிலிண்டரோ திசைகாட்டியோ? காஸ் லைனில ரெண்டு நாள் படுத்ததை மறந்திட்டீங்களோ 😂

---

மழைக்குருவி | 23 செப்டெம்பர் 2024, இரவு 8.15

திரும்ப வந்திட்டன். வாத்தியார் சேர், கடதாசியில இருந்த அழகை எண்ணியாச்சு!! வெள்ளவத்தை சோடா எங்க போட்டீங்கள், வெளியில வாங்கோ.

சனிக்கிழமை காலமை ஏழரைக்கெல்லாம் போட்டம். சீட்டு அந்த மேசையில விரிச்சு வைக்க இடம் காணாது, மடிச்சு மடிச்சுத்தான் சங்கைத் தேடினனான். பேனையைப் பிடிச்சுக்கொண்டு ஒரு நிமிசம் நிண்டன். 1 போடேக்க ஒண்டும் யோசனை இல்லை. 2 போடேக்கதான் கை நிண்டது, ஸ்காபரோ அண்ணை எழுதினது ஞாபகம் வந்தது, பிறகு பெரியம்மாவை யோசிச்சன், போட்டன். 3ஐ ஆருக்குப் போட்டனான் எண்டு சொல்லமாட்டன், தம்பி இஞ்ச வந்து வாசிக்கிறான்.

இரவு ஊரடங்கு போட்டிட்டாங்கள், வீட்டில நாலுபேரும் ரிவிக்கு முன்னால, பிளேன்ரீ மேல பிளேன்ரீ. ஞாயிறு ரெண்டாவது எண்ணிக்கை எண்டு ஆணைக்குழு அறிவிச்சவுடன அப்பா என்னைத் திரும்பிப் பாத்தார், ஒண்டும் சொல்லேல்ல. யாழ்ப்பாணத்தில சஜித் 121,177, சங்கு 116,688. நாலரை ஆயிரம்தான் வித்தியாசம்! ஒரே வீட்டுக்குள்ள அப்பா தோத்து மாமா வெண்ட மாதிரி இருந்தது, ஆனா நாடு முழுக்கப் பாத்தா வெண்டது தம்பி.

---

பழைய கணக்கு வாத்தி | 24 செப்டெம்பர், காலை 10.30

பிள்ளை சந்தோசம். நான் நேற்றெல்லாம் இருந்து கணக்குப் பாத்தன், வயசு போன ஆளுக்கு வேற என்ன வேலை.

முதல் எண்ணிக்கை: அனுர 5,634,915 (42.31), சஜித் 4,363,035 (32.76), ரணில் 2,299,767 (17.27). நாமல் 342,781, அரியநேத்திரன் 226,343. இந்த முதல் ரெண்டுபேரையும் விட்டு மிச்ச ஆக்களுக்கு விழுந்த சீட்டு எல்லாமாக 33 லட்சத்துக்கு மேல. ரெண்டாவது எண்ணிக்கையில அதுக்குள்ள இருந்து அனுரவுக்குச் சேர்ந்தது 105,264, சஜித்துக்கு 167,867. கூட்டினா 273,131. அதாவது நூறு சீட்டில எட்டுச் சீட்டுத்தான் வேலை செய்தது, மிச்சத் தொண்ணூற்றிரண்டும் நிண்டிட்டுது. அதில கொஞ்சம் 2ஐ ஏற்கெனவே எடுபட்ட ஆளுக்குப் போட்ட சீட்டா இருக்கும், ஆனா கூட ஒண்டுமே எழுதாத சீட்டாத்தான் இருக்கும் எண்டு நினைக்கிறன். முடிவு மாறியிருக்குமோ எண்டு கேட்டா, கடைசி வித்தியாசம் பன்னிரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல, நிண்டுபோன சீட்டு முப்பது லட்சம், ஆர் கண்டது. ரணிலுக்குப் போட்ட சனம் எல்லாம் ஒரு பக்கம் எழுதியிருக்கும் எண்டும் சொல்லேலாது.

எனக்குக் கவலை அதில்லை. நாடு முழுக்க 300,300 சீட்டு நிராகரிப்பு. சங்குக்கு விழுந்ததிலும் கூட!

---

ஸ்காபரோ பனை | 24 செப்டெம்பர், இரவு 7.40

226,343. 2019ல சிவாஜிலிங்கம் கேக்கேக்க 12,256. கட்சி சஜித்துக்குப் போடு எண்டு சொல்லியும், இன்னொரு பக்கம் பகிஸ்கரி எண்டு சொல்லியும் இவ்வளவு. நான் சொன்ன இலக்கம் இதுதான். குமார் பொன்னம்பலத்தையும் தாண்டிட்டுது.

மழைக்குருவி, 2 போட்டதுக்கு நான் கோவிக்கேல்ல. கொஞ்சம்தான்.

---

மட்டுநகர் மீன் | 24 செப்டெம்பர், இரவு 9.15

நூற்றுக்கணக்காப் பாத்தா 1982ல 2.67, இப்ப 1.70 அண்ணை. இலக்கத்தை உங்களுக்கு வசதியான பக்கத்தால மட்டும் பிடிக்காதேங்கோ 🙂 எங்கட கிழக்கில சங்கு பெரிசா எடுபடேல்ல, அதையும் கதைக்கவேணும்.

---

ஹட்டன் மூடுபனி | 25 செப்டெம்பர், காலை 6.40

நான் சொன்ன மாதிரியே 1, 2, 3 போட்டேன். என் 2 எண்ணப்பட்ட 167,867ல ஒண்ணு 😊 எங்க லயத்துல நாப்பது பேருக்காச்சும் சொல்லிக்குடுத்தேன், எத்தன பேரு எழுதுனாங்கன்னு தெரியல, கேட்டா எல்லாரும் "போட்டுட்டோம் தம்பி"ன்றாங்க. எத போட்டாங்கன்னு சொல்லமாட்டாங்க, அதுவும் சரிதான்.

---

மழைக்குருவி | 25 செப்டெம்பர், இரவு 8.50

ஐயோ ஒண்டு எழுத மறந்திட்டன். அம்மாவுக்கு ஒரு கிழமையா நான் கடதாசியில கோடு கீறி 1 2 3 எல்லாம் பழக்கினனான். வெளியில வந்தவுடன கேட்டன், "என்னம்மா, எழுதினீங்களே?" "அந்த நீட்டுச் சீட்டில கண்ணாடியும் இல்லாமல் நான் எங்க தேடுறது, ஒரு புள்ளடி போட்டிட்டு வந்திட்டன்." ஆருக்கு எண்டு கேட்டா சொல்லுறா இல்லை. அப்பா சங்கு எண்டு நினைச்சுக்கொண்டு திரியிறார், மாமா ஃபோன் எண்டு நினைச்சுக்கொண்டு திரியிறார், எனக்கென்னவோ தம்பியின்ர முகத்தைப் பாக்க வேற சந்தேகம்.

சேர், பாராளுமன்றத்தைக் கலைச்சாச்சு, நவம்பர் 14ம் திகதியாம். அதிலயும் விருப்பு வாக்கு எண்டு மூண்டு போடுறதுதானே, இதே மாதிரியோ?

---

பழைய கணக்கு வாத்தி | 25 செப்டெம்பர், இரவு 9.30

இல்லைப் பிள்ளை, பேர்தான் ஒண்டு, அது வேற கணக்கு. அங்கை முதல்ல கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ புள்ளடி, பிறகு அதே பட்டியலுக்குள்ள இருக்கிற மூண்டுபேற்ற இலக்கத்துக்குப் புள்ளடி. ஒரு கட்சிக்குப் போட்டிட்டு மற்றக் கட்சிக்கு ரெண்டாவது எண்டு போடேலாது. மாவட்டத்தில நூற்றுக்கு 5 எடுக்காத பட்டியல் முழுசா வெளியில, அந்த வாக்கு ஒருத்தருக்கும் போய்ச் சேராது. யாழ்ப்பாணத்துக்கு இந்தமுறை ஆறு ஆசனம்தான், அதில ஒண்டு முதலாவதா வாற கட்சிக்குப் போனஸ். எங்கட ஆக்கள் எத்தினை பட்டியல் போடப்போகினம் எண்டு தெரியாது, நீங்கள் அப்பாவையும் மாமாவையும் இப்பவே ஒரு மேசையில இருத்துங்கோ. அம்மாவுக்கு முதல்ல கண்ணாடியை மாத்திக் குடுங்கோ.